ஊர் எழுதாத பெயர்

மத்தேயு அங்கிளின் அச்சகத்தில் நினைவு மலர்களுக்கென்று ஓர் அலுமாரி இருக்கிறது. யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முகப்பில் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, குடும்பத்தாரின் பெயர்கள், கடைசியில் நன்றி. புளியந்தீவில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடையில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து அந்த அலுமாரியில் வைப்பார்கள்.

நான் அங்கே சேர்ந்து இரண்டாவது மாதத்தில் அந்தப் புத்தகங்களில் நாற்பதை எடுத்து வாசித்தேன். ஆறுதலுக்காக அல்ல. ஒரு விதியைத் தேடி.

பௌதிகவியல் படித்தவள் நான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வறிக்கையை லேடெக் என்ற முறையில் செய்தேன். பக்கத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இழுத்து வைக்கும் மென்பொருள் அல்ல அது. இது தலைப்பு, இது பாட்டு, இது பெயர் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வரியை எங்கே முறிப்பது, சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று அதுவே கணக்கிட்டு, பக்கத்தைக் கட்டித் தரும். ஒரு பெயரை இடையில் சேர்த்தால் மற்றவை தாமாக விலகிக்கொள்ளும். பட்டம் பெற்றுப் பதினெட்டு மாதம் வீட்டில் இருந்த பிறகு எனக்குத் தெரிந்த தொழில் என்று அது ஒன்றுதான் மிஞ்சியது.

அங்கிளின் அண்ணன் மகள் றெபேக்கா அக்கா பதினைந்து வருடமாக அங்கே பக்கம் அமைக்கிறவ. நான் ஒரு மாதிரிப் பக்கத்தை அடித்துக் காட்டியபோது, அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தா.

"வடிவாத்தான் இரிக்கு. அப்ப நான் என்ன செய்யிற? கம்ப்யூட்டருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறதா?"

"இல்ல அக்கா. நீங்க…"

"விடு புள்ள. பகிடிக்குச் சொன்னன். முகத்தப் பாரு, கோயில் படியில செருப்பத் துலைச்ச மாதிரி."

அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு புத்தகம் முழுக்க இதில செய்து காட்டு. சரி வந்தா இனி எல்லாம் இதில செய்வம்."

அதனால்தான் நாற்பது புத்தகங்களை வாசித்தேன். குடும்பப் பக்கம் எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கில் இருந்தது. உயிரோடு இருப்பவர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ஊர் இருக்கும். கனடா, கல்லடி, உன்னிச்சை. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கும். அவர்களுக்கு ஊர் இருக்காது. நாற்பதிலும் ஒரு விலக்குக்கூட இல்லை.

அப்படியென்றால் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று தனியாக எழுதத் தேவையில்லை. பெயர், உறவு, ஊர். மூன்று போதும். ஊர் இருந்தால் அடைப்புக்குள் ஊர் வரும். ஊர் இல்லாவிட்டால் 'காலஞ்சென்ற' என்று அதுவே போட்டுக்கொள்ளும். ஒரு வரியில் அந்த விதியை எழுதினேன். அது எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

முதல் புத்தகமாக வந்தது உன்னிச்சையைச் சேர்ந்த மங்கையற்கரசி அம்மாவுடையது. அவவின் மகள் தக்ஷாயினியும், அம்மாவின் தம்பி கோணாமலை ஐயாவும் பதினாறாம் நாள் வந்தார்கள். தக்ஷாயினி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஆயித்தியமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. கொப்பித் தாளில் எல்லாவற்றையும் திருத்தமாக எழுதிக்கொண்டு வந்திருந்தா. பெயர்களை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவ ஓர் இடத்தில் விரலை வைத்தபடி நின்றா.

"இது என்ட தம்பி. சதீசன். ரெண்டாயிரத்து ஏழு சித்திரையில சைக்கிள்ல டவுனுக்கு வந்தவன். திரும்பி வரல்ல."

நான் தலையாட்டினேன்.

"மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி மூணு தரம் கடிதம் வந்தது. அம்மா ஒண்டுக்கும் ஒப்பம் வைக்கல்ல. மாசம் மாசம் அவன் பிறந்த அனுஷ நட்சத்திரத்துக்கு அவன்ட பேரில அர்ச்சனை செய்வா. செத்தவங்களுக்கு ஆரும் அர்ச்சனை செய்யிறதா? ஊர்ச் சனம் சிரிச்சாலும் நிப்பாட்டல்ல." குரல் உயரவில்லை. "அம்மாட புத்தகத்தில அவன் சரியா வரவேணும் தங்கச்சி. அது மட்டும்தான் நான் கேக்கிற."

கோணாமலை ஐயா வாசல் பக்கம் திரும்பி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொப்பித் தாளில் சதீசன் என்ற பெயருக்கு நேரே ஊர் எழுதியிருக்கவில்லை. சரியாக என்றால் எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க நினைத்தேன். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்க என்னால் முடியவில்லை. பெயரும் உறவும் எழுதினேன். மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டேன். பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பதினாறு பக்கம். பாட்டுகள் அழகாக அமைந்தன. ஏழாம் பக்கத்தில் குடும்பம் ஒரு மரம் போலக் கிளை பிரிந்து இறங்கியது. மங்கையற்கரசி அம்மாவின் தாய் தகப்பன் மேலே, பேரப்பிள்ளைகள் கீழே. கோடுகளை நான் வரையவில்லை. அதுவே வரைந்தது. நான் கோடுகளைப் பார்த்தேன். கிளைகளுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அளந்தேன். பெயர்களை வாசிக்கவில்லை.

சரிபார்க்கிற படியைப் பார்க்க கோணாமலை ஐயா தனியாக வந்தார். மருமகள் செத்த வீட்டுத் துடக்கோடு பள்ளிக்கூடத்துக்கும் போய்க் களைத்துப்போய் இருக்கிறாள் என்றார். கதிரையை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். ஒரு தேவாரத்தில் விடுபட்ட சொல்லைக் கண்டுபிடித்தார். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. நெடுநேரம் நின்றது. மரத்தை ரசிக்கிறார் என்று நினைத்து எனக்குள் சந்தோசப்பட்டேன். பிறகு பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒப்பம் வைத்தார்.

முந்நூறு பிரதி அடித்தோம்.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. வியாழன் காலை நானும் றெபேக்கா அக்காவும் புத்தகங்களை ஐம்பது ஐம்பதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அவ ஒன்றைத் திறந்து ஏழாம் பக்கத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தா.

"மரம் நல்லா இரிக்கு கா. நான் இத ஒரு நாள் முழுக்க இழுத்து இழுத்துக் கீறுவன்." வாசித்துக்கொண்டு போனா. "மகள் தக்ஷாயினி, உன்னிச்சை. மகன் காலஞ்சென்ற சதீசன்… பாவம், மகனும் இல்லையா அந்த மனிசிக்கு?"

நூல் கட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை வாங்கி வாசித்தேன்.

அங்கிளிடம் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் கோபிக்கவில்லை. ஒப்பம் வைத்த படியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"மாமன் பாத்து ஒப்பம் வைச்சிரிக்கிறார். பாரு. எங்கட பிழை எண்டு ஆரும் சொல்ல ஏலாது."

"இது என்ட பிழைதான் அங்கிள்."

"சரி. அவங்களும் கவனிக்கல்ல, இனியும் கவனிக்க மாட்டாங்க. செத்த வீட்டுப் புத்தகத்த ஆர் எழுத்தெழுத்தா வாசிக்கிற?"

"அந்த அக்கா வாசிப்பா."

அவர் என்னைப் பார்த்தார். சேர்ந்ததில் இருந்து அவருக்கு நான் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். "போன் எடுத்துச் சொல்லன்" என்றார். நம்பரை அழுத்தினேன். மணி அடிக்க முன்னமே வெட்டிவிட்டேன். போனைக் காதில் வைத்துச் சொல்லக்கூடிய விசயம் அல்ல அது. ஒரு புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு உன்னிச்சை பஸ்ஸில் ஏறினேன்.

வலையிறவுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. வாவியில் இரண்டு தோணிகள் நின்றன. பாலத்துக்கு அங்கால் வயல் வட்டை முழுவதும் அறுவடை முடிந்து வெளித்துக் கிடந்தது. வழியெல்லாம் முதல் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆயித்தியமலை தாண்டும்வரை அது சரியாக வரவில்லை.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கோணாமலை ஐயா வாடகைக் கதிரைகளை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துணியைப் பிழிந்தார்.

"ஐயா, ஏழாம் பக்கத்தில…"

"தெரியும் மகள்" என்றார் மெதுவாக. "பாத்துத்தான் ஒப்பம் வைச்சனான்."

எனக்கு விளங்கவில்லை. அதற்குள் உள்ளே இருந்து தக்ஷாயினி அக்காவின் குரல் வந்தது.

"ஆர் மாமா?"

"அச்சகத்துப் புள்ள. புத்தகம் நாளைக்கு வரும் எண்டு சொல்ல வந்திரிக்கு." சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

நான் ஓம் என்று சொல்லி இருந்தால் போதும். அடுத்த பஸ் முக்கால் மணித்தியாலத்தில்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தா. "இதுக்கு இவ்வளவு தூரம் வரவேணுமா தங்கச்சி? போன் எடுத்தாக் காணாதா? இரிங்க, தேத்தண்ணி போடுறன்."

பையில் இருந்து புத்தகத்தை எடுத்து, ஏழாம் பக்கத்தைத் திறந்து அவவிடம் நீட்டினேன். வழியில் யோசித்த வசனம் ஒன்றும் வரவில்லை.

நின்றபடியே வாசித்தா. கிளை கிளையாகக் கண் இறங்கி வந்து நின்ற இடம் எனக்குத் தெரிந்தது.

"இத ஆர் போட்ட?"

"நான். ஊர் எழுதாத எல்லாருக்கும் அந்தச் சொல்லுத் தானா வாற மாதிரி எழுதி வைச்சிருந்தன். தம்பிக்கு ஊர் எழுதியிருக்கல்ல. உங்களிட்டக் கேட்டிரிக்கோணும். கேக்கல்ல."

"மாமா பாத்தவர்தானே?" அவரிடம் திரும்பினா. "மாமா, நீங்க இதக் காணல்லயா?"

கோணாமலை ஐயா துடைத்த கதிரையில் இருந்தார்.

"கண்டன்."

பந்தலின் தறப்பாள் காற்றில் அடித்தது.

"நான் எழுதல்ல புள்ள. எழுதிக் கிடந்தது. முதல்ல அழிக்கச் சொல்லத்தான் நினைச்சன். மறுகா யோசிச்சன். பதினெட்டு வருசமா என்ட வாயால வராத சொல்லு. அக்கா இரிக்கும் மட்டும் நான் நினைச்சுக்கூடப் பாக்கல்ல. அது கம்ப்யூட்டர்ல இருந்து வந்து கிடக்கு. அப்பிடியே கிடக்கட்டும் எண்டு விட்டன்."

"அம்மாட புத்தகத்திலயா மாமா?"

"அக்கா போயிற்றா. இனி ஆர் காத்திருக்கிற? நீயா? உனக்கு முன்னால இன்னும் எத்தின வருசம் கிடக்கு. அக்காட முதுகு கூனினத நான் பாத்தனான். உன்டதையும் பாக்க ஏலாது எனக்கு."

தக்ஷாயினி அக்கா அழவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தா. புத்தகம் மடியில் திறந்தபடி கிடந்தது.

"போன வியாழக்கிழமை அனுஷம்" என்றா. "துடக்கெண்டு கோயிலுக்குப் போக ஏலல்ல. அம்மா காய்ச்சலில கிடக்கக்குள்ளயும் என்னை அனுப்பிச் செய்விச்சவ. போன வியாழன் மணி கேக்குது, நான் குசினிக்குள்ள நிக்கிறன். அவன்ட பேரை ஒருத்தரும் சொல்லல்ல. அண்டைக்குத்தான் மாமா எனக்கு அவன் செத்த மாதிரி இரிந்தது. பதினெட்டு வருசத்தில அண்டைக்குத்தான்."

ஐயா கையில் இருந்த துணியை மடித்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செய்தீங்க. ஆனா காத்திருக்கிறதா விடுறதா எண்டு நான்தான் சொல்லவேணும். புத்தகம் சொல்லேலா."

பிறகு என்னிடம், "இப்ப என்ன செய்யலாம் தங்கச்சி?" என்றா.

"எல்லாத்தையும் திரும்ப அடிக்கத் தேவையில்ல அக்கா. அந்தப் பக்கம் நடுத்தாள்ல வருது. கம்பிப் பின்னை நிமிர்த்தி நடுத்தாளை மட்டும் மாத்தலாம். நாளைப் பின்னேரத்துக்குள்ள முடிப்பம்." அவ மடியில் கிடந்த பக்கத்தில் தம்பியின் பெயரைத் தொட்டேன். "அவருக்கு ஊர் எண்டு என்ன போடுற?"

பதினாறாம் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்ட பிறகுதான் அது அவ்வளவு சிறியது என்று தெரிந்தது.

அவ வாசல் படலைப் பக்கம் பார்த்தா. அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"உன்னிச்சை. வேற என்ன?"

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். நான் புறப்படும்போது கோணாமலை ஐயா மறுபடியும் கதிரை துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு வந்து, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் ஊரை எழுதினேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. மரம் புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. தக்ஷாயினி (உன்னிச்சை). சதீசன் (உன்னிச்சை). பெயர் குறுகியதால் பக்கத்துக் கிளைகள் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தன.

றெபேக்கா அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்தா.

"ஊர்ப் பேரைப் போடச் சொன்னாங்களா? ஓம். எல்லாரும் அதுதான் சொல்லுற."

"எல்லாரும் எண்டா?"

"இப்பிடிக் காணாமப் போன ஆக்கள் உள்ள வீடுகள். நான் கேப்பன் கா, இவர் எங்க இரிக்கார் எண்டு. கொஞ்ச நேரம் பேசாம நிப்பாங்க. மறுகா ஊர்ப் பேரைச் சொல்லுவாங்க. நானும் போட்டு விடுவன்."

அலுமாரியில் இருந்து அந்த நாற்பது புத்தகங்களையும் மறுபடி எடுத்தேன். குடும்பப் பக்கங்களை மட்டும் புரட்டினேன். வாகரை, கொக்கட்டிச்சோலை, கிரான், உன்னிச்சை. அடைப்புக்குள் தங்கள் சொந்த ஊரே எழுதப்பட்ட ஆண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் யார் இன்றைக்கு வயலுக்குப் போனவர், யார் சைக்கிளில் போய்த் திரும்பாதவர் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் விதிக்கு விலக்கு இல்லை என்று நான் நினைத்தது அதனால்தான்.

விதியை மாற்றினேன். ஊர் வெறுமையாக இருந்தால் இனி அது எந்தச் சொல்லையும் தானாகப் போடாது. பக்கம் கட்டாது. அந்தப் பெயரைக் காட்டி நின்றுவிடும். யாராவது போய்க் கேட்டு வந்து எழுதும்வரை நிற்கும். அங்கிளிடம் அதைக் காட்டினேன்.

"அப்ப வேலை சுணங்குமே" என்றார்.

"ஓம் அங்கிள். சுணங்கும்."

அவர் திரையைப் பார்த்தார். "கேக்கிறது ஆர்? நீயா, றெபேக்காவா?"

"நான் கேக்கிறன்."

"இவவா" என்றா றெபேக்கா அக்கா. "பஸ்ஸில மிச்சக் காசு கேக்கவே பயப்பிடுற ஆள்."

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து மூன்று பேரும் இருந்து முந்நூறு புத்தகத்தின் பின்களை நிமிர்த்தினோம். பழைய நடுத்தாளை உருவி, புதியதைச் செருகி, பின்னை மடக்கினோம். பகலுக்குள் என் கட்டைவிரல் நகத்தடியில் இரத்தம் கட்டிவிட்டது. உருவிய தாள்களை என் மேசைக்கு அடியில் அடுக்கினேன். கடையில் கழிவுத் தாள்களைக் கச்சான் கடலை விற்கும் வல்லிபுரம் வந்து எடுத்துக்கொண்டு போவார், சுருள் சுற்ற. அவர் வந்தபோது இதை மட்டும் கொடுக்கவில்லை.

பின்னேரம் மூன்றரைக்குக் கோணாமலை ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்து வாசித்தார். மூடினார்.

"பழைய தாள்?"

மேசைக்கு அடியில் இருந்து எடுத்துக் காட்டினேன். "இத என்ன செய்யிற எண்டு தெரியல்ல ஐயா. எரிச்சிரலாமா?"

"ஒண்ணா ஒண்ணா, எரிக்கப்படாது" என்றார் உடனே. "எரிச்சா கொள்ளி வைச்ச மாதிரிப் போயிரும்." தாள்களைத் தட்டி விளிம்பைச் சமப்படுத்தினார். "தா. நான் வைச்சிருக்கிறன்."

"வீட்டையா ஐயா?"

"என்ட வீட்ட. அவள் காணாத இடத்தில. ஒரு நாளைக்கு அவள் கேட்டாலும் கேப்பாள். கேக்காட்டி அப்பிடியே கிடக்கட்டும்."

புத்தகக் கட்டுகளைப் பின்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கினார். தாள் கட்டைத் தனியாக முன்னால் வைத்தார். ஏறி இருந்தவர் மறுபடி இறங்கிக் கடைக்குள் வந்தார். சுவரில் தொங்கிய எங்கள் கடைக் கலண்டரைப் பார்த்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை போலும்.

"மகள், அடுத்த அனுஷம் எப்ப எண்டு பாத்துச் சொல்லு. இந்தத் தரம் நானும் கூடப் போகோணும்."

விரலை வைத்துத் தேடினேன். இன்னும் பத்தொன்பது நாள். புதன்கிழமை.

"எழுதித் தா. மறந்து போவன்."

ஒரு துண்டுக் கடதாசியில் திகதியையும் கிழமையையும் எழுதினேன். யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன். சொன்னார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.